அப்பாவின் ரைபிளுக்கு விலை கேட்பதற்கு முன்

கேள்வி: வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா கடந்த ஐப்பசியில் காலமானார். இளமையில் இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1974-இல் கொடைக்கானல் பக்கத்து எஸ்டேட் ஒன்றை விட்டுக் கிளம்பிய மேலாளரிடமிருந்து .22 பி.எஸ்.ஏ. மார்ட்டினி ரைபிள் ஒன்றை வாங்கி, உரிமப் புத்தகத்திலும் பதிவு செய்திருக்கிறார். அதன்மேல் யூனெர்ட்ல் என்று பெயர் பொறித்த நீளமான தொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. எல்லாம் திருமங்கலம் வீட்டு பீரோவில் இருக்கின்றன, சாவி அம்மாவிடம். உரிமம் 2027 வரை இருப்பதால் நாங்கள் அவசரப்படவில்லை. ஓசூரிலிருந்து ஒருவர், "நூறு வருடத்துப் பொருளுக்கு லைசென்ஸ் எதற்கு? தொலைநோக்கியை மட்டும் முதலில் கொடுங்கள், ரைபிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். இவற்றின் சரியான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது? நான் மதுரை கே.கே. நகரில் இருக்கிறேன், தம்பி சிங்கப்பூரில். என் மகனுக்கு வயது 15, பள்ளியில் ஏர் ரைபிள் பழகுகிறான். தாத்தாவின் ரைபிள் அவனுக்கு வேண்டுமாம்.

பதில்: அம்மா, நீங்கள் விலையைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது வேறொரு வரி. "உரிமம் 2027 வரை இருப்பதால் அவசரப்படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

துப்பாக்கி உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தரப்படுவதல்ல. புத்தகத்தில் எந்த ஆண்டு அச்சாகியிருந்தாலும், உங்கள் அப்பா கண்ணை மூடிய அன்றே அது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த பீரோவில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்கு 25-ஆம் பிரிவில் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் இருக்கின்றன.

யாரிடம் இருப்பதாகச் சட்டம் கருதும்? குன்வந்த்லால் என்பவரின் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இருப்பது தெரிந்திருப்பதும் அதன்மேல் கட்டுப்பாடு இருப்பதும் போதும். தெரிந்தே சாவியை முடிந்து வைத்திருப்பவர் உங்கள் அம்மா. கணவரை இழந்த அந்த முதியவரின் தலையில் இந்தப் பாரத்தை ஒரு நாள்கூட அதிகமாக வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

பயப்பட வேண்டாம். சட்டமே வழி வைத்திருக்கிறது. வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்கும்படி 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்தால் அது அரசுக்குப் போய்விடும் என்று பலர் நினைத்து மறைத்து வைக்கிறார்கள், அது தவறு. குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமம் பெற்றால் வாரிசு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கவும் சம்மதம் தரலாம். அந்தக் காலத்தைக் கோட்டை விட்டால்தான் பறிமுதல். கடைசித் தேதி எது என்பதை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாமதத்துக்கான காரணத்தை மனுவில் உள்ளபடியே எழுதுங்கள்: உரிமப் புத்தகத்திலுள்ள தேதியை நம்பியிருந்தோம் என்று. 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு இருக்கிறது. தானாக வந்து உண்மையைச் சொல்லி ஒப்படைத்தவருக்கும், சோதனையில் பிடிபட்டவருக்கும் உள்ள வேறுபாடு அந்த மேசையில் நிச்சயம் தெரியும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமதாரர்களைத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போதும் உங்கள் அப்பா நிலையத்தில் வைத்துவிட்டு, பிறகு திரும்ப வாங்கியிருப்பார். வங்கியில் வேலை பார்த்தவர், அந்த ரசீதுகளைக் கட்டாகக் கட்டி வைத்திருப்பார் என்றே நம்புகிறேன். உரிமப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக உங்களுக்கு அரண் அந்தச் சீட்டுகள்தாம். இவ்வளவு ஆண்டுகளாக இந்தத் துப்பாக்கி ஒளிந்திருக்கவில்லை என்பதை அவை சொல்லும்.

ரைபிளை நீங்களாக பஸ்ஸிலோ காரிலோ கே.கே. நகருக்குக் கொண்டுவர வேண்டாம். ஊர் எல்லை இதில் முக்கியம். மதுரை மாநகரில் உரிம அதிகாரி காவல் ஆணையர். திருமங்கலம் மாநகருக்கு வெளியே இருப்பதால் அங்கே மாவட்ட ஆட்சியர். எனவே திருமங்கலம் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அங்கேயே ஒப்படையுங்கள். அப்பாவின் உரிமம் முடிந்ததை ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். உங்கள் பெயரில் உரிமம் கேட்பதானால், நீங்கள் வசிக்கும் இடத்தின்படி ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இரு அலுவலகங்களுக்கும் இடையே மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்படைப்பு ரசீதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் இதேபோல் தொலைநோக்கி பொருத்திய ரைபிள் ஒன்றை ஒரு நிலையத்தில் ஒப்படைத்தது. ரசீதில் எழுதியிருந்தது ஒரே வரி: "பழைய துப்பாக்கி - 1". உரிமம் வாங்கித் திரும்பப் போனபோது துப்பாக்கி இருந்தது, தொலைநோக்கி இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கு அவர்கள் கையில் ஒரு படம்கூட இல்லை. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான். ஆகவே உங்கள் ரசீதில் தயாரிப்பு, குழல் அளவு, உடலில் பொறித்துள்ள எண், தொலைநோக்கியின் பெயரும் எண்ணும், அதைத் தாங்கும் இரண்டு வளையங்கள், மூடிகள், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எழுத மறுத்தால், நீங்களே பட்டியல் எழுதி இரண்டு படியாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்குங்கள். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஓசூர்க்காரருக்கும்தான்.

துப்பாக்கியில் உள்ள எண்ணும் உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பதறாதீர்கள். பழைய மையில் 3-உம் 8-உம் ஒன்றுபோல் தெரியும். உள்ளதை உள்ளபடி எழுதி, வேறுபாட்டையும் குறிப்பிடுங்கள். புத்தகத்தில் பேனா வைக்காதீர்கள்.

இயன்றால் காவல் நிலையத்தைவிட, உரிமம் பெற்ற வியாபாரியிடம் வைப்பதையே நான் விரும்புவேன். மாதக் கட்டணம் கேட்பார், கொடுக்கலாம். வழக்குச் சொத்துகளோடு மூலையில் சாத்தி வைத்தால் இரும்பு துருப்பிடிக்கும், கண்ணாடியில் பூஞ்சை படரும். மதிப்பீடு செய்யத் தெரிந்த ஆளும் வியாபாரியிடம்தான் இருப்பார். எந்த நிபந்தனையில் அங்கே வைக்கலாம் என்பதை நிலையத்திலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நூறு வருடத்துப் பொருள்" என்ற வாதம் செல்லாது. 45-ஆம் பிரிவில் பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும்: பழைய பாணியோ தொன்மை மதிப்போ இருந்தாலும், பழுதுபார்த்தும் பார்க்காமலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருந்தால்தான் விலக்கு. உங்கள் ரைபிள் சுடும். அதற்கான .22 தோட்டா இன்றும் போட்டிகளில் பயன்படுகிறது. விலக்கு வேண்டும் என்று யாராவது குழலை அடைக்கவோ அறுக்கவோ சொன்னால் கேட்காதீர்கள். அது மதிப்பையும் அழிக்கும், உங்கள் மேல் சந்தேகத்தையும் கொண்டுவரும்.

இனி மதிப்பு. இரும்பு உடலின் பக்கத்தில் மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி நிறுத்திய முத்திரை இருக்கும். பழைய பி.எஸ்.ஏ. சைக்கிள்களில் பார்த்த அதே சின்னம்தான். பர்மிங்காம் ஆயுதத் தொழிற்சாலையின் அடையாளம். அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தால் பின்பக்கக் கட்டை கீழே இறங்கும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். நீங்கள் இழுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இல்லை என்பதைத் தெரிந்தவரே உறுதி செய்யட்டும். துப்பாக்கிகளைச் சோதிக்கும் பர்மிங்காம் நிலையம் 1813-இலிருந்து நடப்பது. அது அடித்த சோதனை முத்திரைகள் குழலில் அழியாமல் இருக்கின்றனவா, குழலின் உள்வரிகள் தெளிவாக இருக்கின்றனவா, கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்துக் குழல் வாய் தேய்ந்திருக்கிறதா, மரக்கட்டை பிளந்திருக்கிறதா, தொலைநோக்கிக்காகப் பின்னால் யாராவது ஓட்டை போட்டார்களா என்பதையெல்லாம் மதிப்பீட்டாளர் பார்ப்பார். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பழைய கருநீலப் பூச்சைத் தேய்த்து எடுத்தால் பாதி மதிப்பு அதோடு போகும்.

தொலைநோக்கி இன்னும் நுட்பமானது. யூனெர்ட்ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய நிறுவனம். இலக்குச் சுடுவோரிடையே பெயர் பெற்றது. இந்த வகையில் குழாய் முழுவதும் இரண்டு வளையங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். பின்வளையத்தில் உயரத்துக்கு ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக எண் பொறித்த இரண்டு திருகுகள் இருக்கும். வளையங்கள் உரிய இடைவெளியில் இருந்தால் திருகின் ஒரு சொடுக்கு கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு நிமிடம்). 50 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். அந்தத் தூரத்துப் போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். அந்தத் திருகுகள் இப்போது நிற்கும் எண்களை யாரும் கை வைப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா கடைசியாகக் குறி சரிசெய்து நிறுத்திய இடம் அது. விலைக்காகச் சொல்லவில்லை; நீங்கள் பிறகு நினைத்துப் பார்க்க அது வேண்டும். மற்றபடி, கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்து ஓரத்தில் வானவில் நிறம் தெரிகிறதா, பூஞ்சை நூல்போல் படர்ந்திருக்கிறதா, குறுக்கு இழை அறுந்திருக்கிறதா என்பவைதான் விலையை ஏற்றும், இறக்கும்.

இணையத்தில் வெளிநாட்டு ஏல விலைகளைப் பார்த்து ஏங்க வேண்டாம். இங்கே இதை வாங்கக்கூடியவர் உரிமம் உள்ளவர் மட்டுமே. அந்தச் சிறிய வட்டம்தான் உங்கள் சந்தை. இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தம்பியின் பங்கைப் பேசித் தீர்க்கவும் அந்தக் காகிதம் தேவைப்படும்.

தொலைநோக்கியைத் தனியாகக் கொடுக்கலாமா? சட்டம் துப்பாக்கி என்பதை விளக்கும்போது, ஓசையையும் தீப்பொறியையும் குறைக்கும் கருவிகளையும் பாகங்களையும் அதோடு சேர்த்தே சொல்கிறது. தொலைநோக்கியை அப்படிப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆனாலும் இப்போது கழற்றாதீர்கள். வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவான சொத்தை ஒருவர் பிரித்து விற்றால், நாளை கேள்வி கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு. ஜோடியாக இருப்பதன் மதிப்பும் குறையும். முன்பின் தெரியாதவர் முதலில் தொலைநோக்கி, பிறகு ரைபிள் என்று படிப்படியாகக் கேட்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. முன்பணம் வாங்காதீர்கள். உரிமம் உள்ளவர், தன்னிடமுள்ள துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு விற்பதற்கே வாங்குபவரின் பெயர், முகவரியோடு முன்தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. உரிமமே இல்லாத நீங்கள் 21-ஆம் பிரிவு வழியாகத்தான் விற்க முடியும். அவர் உண்மையாக வாங்குபவர் என்றால் உரிம நகலோடு வியாபாரியிடம் வரட்டும்.

விற்க மனம் இல்லையென்றால் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. உரிமதாரர் இறந்தால் வாரிசுக்கு உரிமம் தர 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆம் விதி இடம் தருகிறது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் தரும் ஆட்சேபமில்லாக் கடிதம், இவற்றோடு விண்ணப்பியுங்கள். தம்பி சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் கையெழுத்தைச் சான்று செய்து அனுப்பலாம். இதைவிட வலுவான வழியும் இருக்கிறது. மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பில் நீங்கள் உறுப்பினராகி, இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள் உரிமம் கேட்டால், சட்டப்படியான தடை இல்லாதவரை உரிமம் "தர வேண்டும்" என்பதே 13-ஆம் பிரிவின் சொல். அந்த ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டி மனு எழுதுங்கள். "இப்போது யாருக்கும் தருவதில்லை" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் திரும்பிவிடாதீர்கள். மறுப்புக்குக் காரணத்தை எழுதிவைக்கவும், கேட்டால் தரவும் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காகிதம் கையில் இருந்தால் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு, அதற்கும் பிறகு தேவைப்பட்டால் நம் ஊரிலேயே உயர் நீதிமன்றக் கிளை.

மகனுக்கு 21 வயது ஆகும்வரை அவன் பெயரில் உரிமம் கிடைக்காது. ஆனால் 12 வயது முடிந்தவர்கள் உரியவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சிக்குச் சுட விதிகள் இடம் தருகின்றன. நீங்கள் உரிமமும் கிளப் உறுப்பினர் உரிமையும் பெற்றுவிட்டால், பயிற்சியாளர் முன்னிலையில் கிளப் தளத்தில் அவன் தாத்தாவின் ரைபிளை எடுக்க வழி பிறக்கும். சர்வதேச விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கி கிடையாது. சிறு துளை வழியாகக் குறி பார்க்கும் முறைதான். அதற்கான பழைய குறிகாட்டிகளை உங்கள் அப்பா கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கக்கூடும். நாளை திருமங்கலம் போகும்போது பீரோவின் கீழ்த் தட்டையும் பாருங்கள். கிடைத்தால் அவற்றையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.