குலுக்கையும் விதைக் கலயமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் 1960-களில் வளர்ந்தவர் என் அம்மா. "பட்டினி கிடந்தாலும் விதைக் கலயத்தில் கை வைக்க மாட்டோம், குலுக்கையில் வரகைக் கடைசியாகத்தான் எடுப்போம்" என்பார். (குலுக்கை என்பது தானியம் சேர்த்துவைக்கும் மண் குதிர்.) ஏன் அப்படி? விதையை எப்படிக் காப்பாற்றினார்கள்?

பதில்: வரகின் உமி கெட்டியானது. திரிகையில் திரித்துப் புடைத்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அந்த உமியே வண்டு தொடாமல் அதைப் பல வருடம் காக்கிறது. சோளத்தில் சில மாதத்திலேயே வண்டும் அந்துப்பூச்சியும் விழுந்துவிடும். அதனால் சோளத்தை முதலில் சாப்பிட்டுத் தீர்த்தார்கள், மழை பொய்க்கும் வருடத்துக்கென்று வரகை ஒதுக்கினார்கள். ஒன்று கவனம்: அறுப்பில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகைச் சாப்பிட்டால் தலைசுற்றல், வாந்தி, நடுக்கம் வரும். ஈர வரகைக் குலுக்கையில் போடவே கூடாது.

களிமண்ணில் வைக்கோல் துண்டைக் கலந்து மிதித்து, வளையம் வளையமாக ஏற்றிச் செய்வது குலுக்கை. ஒரு வளையம் இறுகிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் அடி பிதுங்கிவிடும். தரையில் நேரே வைத்தால் ஈரம் ஏறும் என்பதால் கல் மேல் நிற்கும். தானியம் எடுக்க அடியில் ஒரு துளை, அதற்குத் துணி அடைப்பு. மேல்வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். பலர் தவறுவது ஒரே இடத்தில்: வெயிலில் காய்ந்த தானியத்தைச் சூட்டோடு கொட்டி மூடுவது. உள்ளே வேர்த்து, மேல்பகுதி கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

விதைக்கு வயலில் நிற்கும்போதே நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அறுப்பார்கள். கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை காயவேண்டும். சோளக்கதிரை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார்கள். உளுந்து, துவரைக்குக் கலயமும் சலித்த அடுப்புச் சாம்பலும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. விதைகளுக்கு இடையே சாம்பல் நிறைந்திருந்தால் வண்டு நகரவும் முட்டையிடவும் முடியாது. ஒரு பிடி தூவினால் பயனில்லை, இடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும். வேப்பிலை, நொச்சி போடுவதானால் நிழலில் சருகாக்கிப் போடுங்கள். பச்சையிலையின் ஈரமே விதையைக் கெடுத்துவிடும்.

அம்மா சொன்ன கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணம் உண்டு. ஏக்கருக்குக் கம்பு விதை 2 கிலோ, சோளம் 6 கிலோ இருந்தால் போதும். ஆனால் முதல் மழையை நம்பி விதைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் முளை கருகிவிடும். மறுபடி விதைக்க இன்னொரு பங்கு வேண்டும். கலயத்தில் உபரி மாதிரித் தெரிவது அந்த இரண்டாம் விதைப்புதான். அதைத் தின்றுவிட்டால் அடுத்த வருடச் சாப்பாடும் போய்விடும்.

கேள்வி: வறட்சியில் வாடிய சோளப்பயிரை மேய்ந்த உழவுமாடு அங்கேயே விழுந்து செத்தது என்று தாத்தா சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முழுக்க உண்மை. இளம் சோளப்பயிரிலும், வாடிக் குன்றிய பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் அதிகம். தீவனமில்லாத காலத்தில் பசியோடு போகும் மாடு வேகமாக மேய்வதால் ஆபத்து கூடுகிறது. சில நிமிடத்திலேயே மூச்சிரைப்பு, வாயில் நுரை, தள்ளாட்டம், பிறகு சாய்ந்துவிடும். நஞ்சை முறிக்கும் ஊசி உண்டு. சோடியம் தயோசல்பேட் அதில் முக்கியமானது. கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். பூத்த பிறகு அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திய சோளத்தட்டையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. கருகிய சோளக்காட்டில் ஒரு மழை பெய்து பச்சை துளிர்க்கும் நாட்களிலும் மாட்டைக் கட்டிவைக்க வேண்டும்.

கேள்வி: கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசக்கிறது. பாட்டி காலத்தில் கசந்ததில்லையாமே?

பதில்: கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்ததும் அது சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துக் கசக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்துவிட்டுக் காய்ச்சினார்கள். தானியமாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஆவதை மட்டும் அரையுங்கள்.