கன்சோலுக்குக் கால் எதற்கு?

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், தரைத்தளம். ஹால் 10-க்கு 12 அடி. வாசலை ஒட்டிய சுவரில் டிசைனர் கன்சோல் டேபிள் போட ஆசை. எம்டிஎஃப்-இல் செய்த, நாலு கால் வைத்த ஒன்றைக் கடையில் பார்த்தேன். வாங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: 'டிசைனர்' கிடக்கட்டும் அம்மா, 'கன்சோல்' என்ற சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சுக் கட்டடக்கலையில் அதற்கு மேசை என்று பொருளே இல்லை. பால்கனியையோ கார்னிஸையோ (சுவர் உச்சியில் நீட்டிய விளிம்பு) தாங்கச் சுவரிலிருந்து நீண்டு நிற்கிறதே, அந்தத் தாங்கியின் பெயர் அது. பிறகுதான் அதன்மேல் பளிங்குப் பலகையை வைத்து மேசை ஆக்கினார்கள். அப்போதும் முன்னால்தான் கால். பின்பாரம் முழுக்கச் சுவர்மேல். நாலு காலில் தனியாக நிற்பது பிற்பாடு வந்த பழக்கம்.

உங்கள் வீட்டுக்கு வேண்டியது அந்தப் பழைய கன்சோல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தரைத்தளத்து வீடுகள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்டிஎஃப் என்பது மரநாரைப் பிசின் விட்டு அழுத்திய அட்டை. தண்ணீரில் நின்றால் பன் மாதிரி உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வெள்ளம்கூட வேண்டாம், தினமும் தரை துடைக்கிற ஈரமே போதும். கடையில் அந்த டேபிளைக் கொஞ்சம் சாய்த்துக் காலின் அடியைப் பாருங்கள். மேலெல்லாம் பளபளப்பு இருக்கும், அடிமுனை மட்டும் பூச்சில்லாமல் பழுப்பாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

ஆசாரியைக் கூப்பிட்டுச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். நீளம் 4 அடி, அகலம் 10 அங்குலம், உயரம் தரையிலிருந்து 32 அங்குலம். அகலம் 12-ஐத் தாண்ட வேண்டாம்; ஆள் நடக்க 3 அடியாவது மிஞ்ச வேண்டும். பலகை 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட். 'வாட்டர் ப்ரூஃப்' என்று கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது, ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற மரைன் பிளைவுட் தர எண்ணும் பலகையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். 303 என்றிருந்தால் அது பொது உபயோகத்துக்கான வேறு ரகம். மேலே மைக்கா ஒட்டினால் அடியிலும் ஒட்டியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், மறுபக்கம் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலகை வளைந்துவிடும். சுவர்ப் பக்கத்து ஓரம் கண்ணுக்குத் தெரியாது என்று பீடிங் (ஓரப்பட்டி) அடிக்காமல் விடுவார்கள். விடாதீர்கள், ஈரம் ஏறுவது அங்கேதான்.

தாங்க 3 இரும்பு பிராக்கெட் போதும். வெல்டிங் கசடைத் தட்டித் தேய்த்துவிட்டு, மாட்டுவதற்கு முன்பே பின்பக்கமும் சேர்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கோட், எனாமல் இரண்டு கோட். 'எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள், காந்தம் ஒட்டாது பாருங்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலிவான 202 ரக எஸ்எஸ்-இலும் காந்தம் சாதாரணமாக ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

துளை போடும்போது தூளைக் கவனியுங்கள். சிவப்பாகக் கொட்டினால் செங்கல். செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டியும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ வந்துகொண்டிருந்தால் டிரில் சாந்து இடுக்கில் இறங்குகிறது. ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தில் திருகாணியைப் பிடிக்கும் பிளக் நிற்காது, உதிர்ந்துவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், அங்கே கை வைக்கவே வேண்டாம்.

மரம்தான் வேண்டும் என்றால் 'புது பர்மா தேக்கு' என்ற பேச்சில் மயங்காதீர்கள். 2014 ஏப்ரலிலிருந்து மியன்மார் முழு மரமாக வெளியே விடுவதில்லை. நல்ல பர்மா தேக்கு நம் தலைக்கு மேலேயே இருந்தது. மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை) போட்ட பழைய வீடுகளில் கூரையைத் தாங்கிய உத்திரம் பல இடங்களில் அதுதான். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் அப்படி ஒரு வீட்டை இடிக்கும்போது, அந்த உத்திரம் விறகு விலைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இடிக்கிற இடத்தில் ஒரு துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அறுக்கும் முன் ஆணியை எல்லாம் பிடுங்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்று முறிந்து கிடந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும். ஆணி இருந்த துளையைச் சுற்றி இரும்பு பட்டுக் கறுத்த வளையம் தெரியும். அதை மக்கு (பட்டி) வைத்து மூட வேண்டாம்.