சின்னக் குழந்தைகளோடு என்ன விளையாடலாம்? கேள்வி பதில்

பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகனிடம் படம் காட்டி "இது என்ன, இது என்ன" என்று தினமும் கேட்கிறேன். வாயே திறப்பதில்லை.

பதில்: நீங்கள் விளையாடவில்லை, பரீட்சை வைக்கிறீர்கள்! படத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பந்தோடு அவனுக்கு எதிரே தரையில் உட்காருங்கள். உருட்டும்போது "பந்து போகுது", திரும்பி வரும்போது "பந்து வருது". அவ்வளவுதான் வசனம். ஐந்தாறு முறை ஆனதும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கஷ்டமான இடம் இதுதான். பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பேசிவிடுவார்கள். அவன் "ப" என்றாலும் சரி, கையை மட்டும் நீட்டினாலும் சரி, உடனே உருட்டிவிடுங்கள். முழுச் சொல்லும் வந்தால்தான் பந்து என்று அடம்பிடிக்க வேண்டாம். "பந்து" என்று அவன் சொல்லும் நாளில் நீங்கள் "பெரிய பந்து" என்று ஒரு சொல் கூட்டுங்கள்.

கேள்வி: விரல்களுக்கு என்ன பயிற்சி? இரண்டு வயது மகள் கிரேயானை முஷ்டியால் பிடிக்கிறாள்.

பதில்: இந்த வயதில் அப்படித்தான் பிடிப்பார்கள். காகிதம் கிழிக்கட்டும், டப்பாவைத் திறந்து மூடட்டும், துணிக் கிளிப்பை அழுத்தட்டும். சின்னப் பொருள் மட்டும் வேண்டாம். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைவது எதுவும் மூன்று வயதுக்குள் கைக்குப் போகக் கூடாது. பட்டன் பேட்டரி, அதாவது சட்டைப் பட்டன் போல வட்டமான சின்ன பேட்டரி, கண்ணிலேயே படக் கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி. குழப்பமாகிவிடுமா?

பதில்: ஆகாது. குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று பார்க்கும்போது இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள்.

கேள்வி: சீக்கிரம் நடக்க வாக்கர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது நடையைச் சீக்கிரப்படுத்தாது. படிக்கட்டில் உருண்டு விழ வைக்கும். கனடாவில் 2004 முதல் விற்கவே தடை.

கேள்வி: நானும் என் தம்பியும் வாக்கரில்தான் வளர்ந்தோம். நன்றாகத்தானே இருக்கிறோம்?

பதில்: சந்தோஷம். தலையில் அடிபட்ட குழந்தைகள் இங்கே வந்து எழுதப் போவதில்லையே.

கேள்வி: நாங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வோம்.

பதில்: விழுந்த குழந்தைகள் பலரின் பக்கத்திலும் பெரியவர்கள் இருந்தார்கள். நீங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் அது ஓடிவிடும். தரையில் விடுங்கள், சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கட்டும். வாக்கர் பேச்சு இத்தோடு போதும்.

கேள்வி: இரண்டு மொழி பேசினால்...

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: இரண்டு வயது முடிந்தது. ஒரு சொல் கூட இல்லை. என்ன விளையாட்டு?

பதில்: விளையாட்டு அப்புறம். முதலில் காது கேட்கும் பரிசோதனை, குழந்தை மருத்துவர். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: ஒரு வயதுக்கு எந்த வீடியோ நல்லது?

பதில்: எதுவுமில்லை. உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னதும் அதுதான்.

கேள்வி: அப்படியானால் பட்டனை அழுத்தினால் பாடும் புத்தகம்?

பதில்: பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.