பேஸ்பால் புத்தகங்களில் எதை முதலில் படிப்பது?

தம்பி, ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பேஸ்பால் பேசுகிறார்கள், ஆட்டம் கொஞ்சம் பிடித்திருக்கிறது, என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். விதிமுறைப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு விதிகள் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். இந்த அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்தின்மேல் ஏன் இப்படி உயிரை விடுகிறார்கள் என்பதற்குத்தான் புத்தகம் வேண்டும்.

லாரன்ஸ் ரிட்டரின் 'தி குளோரி ஆஃப் தெயர் டைம்ஸ்' (1966) புத்தகத்தில் தொடங்குங்கள். பொருளாதாரப் பேராசிரியரான அவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய முதியவர்களைத் தேடி, டேப் ரெக்கார்டரோடு நாடெங்கும் அலைந்தார். அதில் ஒருவர் சாம் கிராஃபோர்ட். 309 டிரிபிள் (பந்தை அடித்துவிட்டு, ஓடி எட்ட வேண்டிய நான்கு 'பேஸ்' இடங்களில் மூன்றாவது வரை போவது) அடித்தவர், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. கலிஃபோர்னியாவில் அவர் இருப்பதாகச் சொன்ன பக்கம் விசாரித்தால் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. அலுத்துப்போன ரிட்டர் துணி துவைக்க லாண்ட்ரோமேட்டுக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர்தான் கிராஃபோர்ட்! அந்த ஒலிப்பதிவுகளே ஆடியோ புத்தகமாகவும் வந்திருக்கின்றன. காரில் போகும்போது கேளுங்கள், இந்த ஊர்ப் பேச்சும் காதில் ஏறும்.

அப்புறம் ராஜர் கான் எழுதிய 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' (1972). 1947இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி நிறவெறியை உடைத்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கதை. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களைக் கான் ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கும் பின்பாதியில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. மைதானத்தின் வலப்பக்க வெளிப்பகுதியான ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்தே எதிரணியைக் கதிகலங்க வைத்த கார்ல் ஃபுரில்லோ, அப்போது கட்டிக்கொண்டிருந்த உலக வர்த்தக மையத்தில் லிஃப்ட் பொருத்தும் வேலையில் இருப்பார். எனக்கு நெஞ்சை அடைத்த பக்கங்கள் அவை.

எல்லோரும் முதலில் 'மணிபால்' (2003) படிக்கச் சொல்வார்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் ஒரு சீசன் பார்த்த பிறகு படியுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டால் நமக்கு ரன் கிடையாது. இங்கே நான்கு கெட்ட பந்துகளை அடிக்காமல் விட்டாலே முதல் பேஸ் உங்களுக்கு. பணமில்லாத ஓக்லாண்ட் அணி, மற்றவர்கள் மதிக்காத அந்தப் பொறுமையைக் குறைந்த சம்பளத்துக்கு வாங்கி 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்கள் வென்றது. நாலு ஆட்டம் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கத்துப் பொது நூலகத்தில் கார்டு எடுங்கள், அங்கே இல்லாவிட்டாலும் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள்.