பெற்றோலா பற்றரியா: வந்த கேள்விகளில் சில

அண்ணை, மின்சாரக் கார் புதுச் சாமான்தானே, கொஞ்சக் காலம் பொறுத்து வாங்குவோமா?

எங்கே புதுசு? மணிக்கு 100 கிலோமீற்றரை முதன்முதல் தாண்டியதே பற்றரிக் கார்தான், 1899 இல், கமீல் ஜெனட்சி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். 1900 இல் அமெரிக்காவில் செய்த கார்களில் நீராவியும் மின்சாரமும்தான் முன்னுக்கு, பெற்றோல் கடைசி.

பிறகு எப்படிப் பெற்றோல் வென்றது?

பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை ஸ்ராட் பண்ண முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றியிருக்கிறீர்களா? எனக்குக் கராஜில் முதல் படிப்பித்ததே அதுதான்: கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற நாலு விரலோடும் ஒரே பக்கம் வை, எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும். அந்தக் காலத்துப் பெற்றோல் கார் எல்லாம் இப்படித்தான், மின்சாரக் காரில் ஏறி இருந்து சுவிட்சைப் போட்டால் சரி. 1912 இல் கெற்றரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் செய்த செல்ஃப் ஸ்ராட்டரோடு கடிலாக் கார் வந்தது, ஹாண்டில் தொல்லை போனது, போர்ட்டின் மொடல் ரீ வேறு வருசா வருசம் விலை குறைந்துகொண்டே வந்தது, எண்ணெயும் மலிவு. பகிடி என்னவென்றால் மின்சாரக் காரைக் கவிழ்த்ததே ஒரு பற்றரியும் ஒரு குட்டி மின்மோட்டாரும்தான்.

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று மலிவாக வருகிறது, பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கட்டையும் மீற்றரில் நிற்கிறது. எடுக்கலாமா?

கட்டையை நம்பாதீர்கள். நானே ஏமாந்தேன். 12 கட்டை காட்டிய காரை வாங்கி வந்து மூன்றாம் கிழமை ஒவ்வொன்றாய் விழத் தொடங்கி எட்டில் நின்றது, விற்றவர் காரின் கணினியில் இருந்த பற்றரிக் கணக்கை ரீசெற் பண்ணியிருக்கிறார். லீஃப் பற்றரியைக் குளிராக்கத் தண்ணீர்ச் சுற்று கிடையாது, எங்கள் சித்திரை வெயில் அதற்கு எமன். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைக் குத்தி, போனில் லீஃப் ஸ்பை செயலியில் பற்றரியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள், பிறகு நல்லூரிலிருந்து கொடிகாமம் போய்த் திரும்பிப் பாருங்கள். விற்பவர் அதற்கு விடமாட்டார் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அதில் கொழும்புக்குப் போகலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் அளவு தூரம். 24 கிலோவாற்-மணி பற்றரி உள்ள லீஃப் புதிதாய் இருந்தபோதே ஒரு சார்ஜில் 135 கிலோமீற்றர் அளவில்தான் ஓடியது, வவுனியாவுக்கே இழுபறி. ரயிலில் போங்கள்.

2022 போல மறுபடி பெற்றோலுக்கு வரிசை வந்தால்? கூரையில் சோலர் இருக்கிறது.

அந்த வருசம் பெற்றோலும் இல்லை, கறன்ரும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது, மறந்துவிட்டீர்களா? மின்சாரசபை லைனோடு இணைத்த சாதாரண சோலர், லைன் போனால் தானும் நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவருக்கு அடிக்கக்கூடாதே. வீட்டில் பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால்தான் தனியாய் ஓடும். போர் நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் சின்னப் போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஏ40 ஓடிய ஊர் இது. மின்சாரக் காருக்கு அந்தப் போத்தல் வித்தை இல்லை, ஆகவே காருக்கு முன்னம் இன்வேட்டருக்குக் காசை ஒதுக்குங்கள்.