தலைவர் இல்லாத ஊராட்சியில் யாரிடம் போய்க் கேட்பது?

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கூரை வீட்டில் இருக்கிறோம், பட்டா இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் பட்டியலில் பெயர் வர 20,000 ரூபாய் கேட்கிறார் கட்சிக் கிளைச் செயலாளர். பழைய தலைவரோ, இப்போது என் கையில் ஒன்றுமில்லை என்கிறார். கொடுக்காமல் வழி உண்டா?"

உண்டும்மா. கொடுத்துவிடாதீர்கள். இந்தத் திட்டத்தில் வீடு கட்ட அரசு தரும் 3.5 லட்ச ரூபாயும் கட்டக் கட்டத் தவணையாகத்தான் வரும். இன்று கொடுத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் கை நீளும்.

பழைய தலைவர் சொன்னது உண்மைதான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் பொறுப்பு தனி அலுவலருக்கு, அதாவது யூனியன் ஆபீசில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) போனது. கிளைச் செயலாளருக்குப் போகவில்லை. ஆனால் ஊருக்குள் அப்படித் தெரிவதில்லை. மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். ஒரு பி.டி.ஓ. தலையில் சராசரியாக 32 ஊராட்சி. உங்கள் தெருவில் யார் கூரைக்கடியில் இருக்கிறார், யார் மாடி வீட்டை மறைத்துப் பெயர் கொடுக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர் என்றால் வீட்டு வாசலில் போய் நின்று, அடுத்த தேர்தலில் ஓட்டு கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அப்படிக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இதே தனி அலுவலர் நிர்வாகம்தான் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை நான் ஏழை வீட்டுக்காரர்களுக்கு நேர்ந்த இழப்பாகவே பார்க்கிறேன்.

சரி, மனுவைத் தனி அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். பட்டா நகல், வீட்டின் புகைப்படம் வைத்து யூனியன் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசைவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. தலைவர் இல்லாவிட்டாலும் நடக்கும். பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லி எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் தெருப் பெண்களைக் கூட்டிப்போங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராதவர்களிடம் கையெழுத்து வாங்க நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்தால் போடாதீர்கள்.

பணம் கேட்ட கிளைச் செயலாளர் அரசு ஊழியர் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 7ஏ பிரிவு, செல்வாக்கைக் காட்டி அதிகாரியிடம் காரியம் முடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர் மீதும் பாயும். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொடுப்பதும் குற்றம்தான். வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். அதற்கு இடம் வைக்காமல், பணம் கைமாறும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய்விடுங்கள். என்றைக்கு, எங்கே வைத்து, எவ்வளவு கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.