லினக்ஸ்ல ஒரு சாஃப்ட்வேர் போடறதுக்குள்ள ஏன் இவ்ளோ பாடு? டிபென்டன்ஸி எரர் தாங்கல, விண்டோஸுக்கே திரும்பிடலாமா?

லினக்ஸ்ல ஒரு வகையான உபுண்டுவை போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, வெப்சைட்ல எடுத்த டெப் ஃபைலை, அதாவது உபுண்டுக்கான சாஃப்ட்வேர் பேக்கேஜை, போட்டா அது வேணும் இது வேணும்னு கேக்குது, கடைசியா 'யூ ஹேவ் ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்'னு சொல்லிட்டு நின்னுடுச்சுன்னு கேட்டிருக்கீங்க. திரும்பலாமா வேணாமாங்கிறதை கடைசியில சொல்றேன். நான் கம்ப்யூட்டர் படிச்ச ஆள் இல்லீங்க, ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டர், அதாவது செக்ரோல் எழுதி ஆளுங்களுக்கு சம்பளம் போடறவன், அதனால பெரிய விளக்கம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, பட்டதை சொல்றேன். கமாண்ட் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், அடிக்கும்போது நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

2018 கடைசியில ஆபீஸுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வந்துச்சு, இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம், வைரஸ் புடிச்ச விண்டோஸ். ஒரு ஃப்ரெண்டு பென்டிரைவ்ல உபுண்டு 18.04 குடுத்தான், போட்டுட்டேன், பறந்துச்சு. ஒரே குறை தமிழ் டைப்பிங். எனக்கு தமிழ்99 கீபோர்டு முறை தான் பழக்கம், அது அந்த வெர்ஷன்ல நேரா வரல, ஐபஸ்-எம்17என்னு ஒரு பேக்கேஜ் போட்டா வரும்னு கேள்விப்பட்டேன். ஆபீஸ்ல நெட் கிடையாது, போன்ல ஒரு கோடு சிக்னல் வரும் போகும். சரி, ஞாயித்துக்கிழமை சேலத்துக்கு வீட்டுக்கு போறப்போ டவுன்லோட் பண்ணிட்டு வந்துடலாம், ஒரு ஃபைல் தானேன்னு நினைச்சேன் பாருங்க, அங்க தான் தப்பு ஆரம்பிச்சுது.

மொத வாரம் அம்மாபேட்டையில ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பேக்கேஜ் பக்கத்தை திறந்தா ஏஎம்டி64, ஐ386னு ரெண்டு லிங்க். நம்மளது இன்டெல் மெஷின், போட்டி கம்பெனியான ஏஎம்டி எதுக்குன்னு புத்திசாலித்தனமா ஐ386ஐ எடுத்துட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து போட்டா, எரர் காட்டி மூஞ்சியில அடிச்சுது, அது 32 பிட்டுக்கான ஃபைலாம், நம்மளது 64 பிட். அப்புறம் தான் தெரிஞ்சுது, இன்டெல்லோட பழைய 32 பிட் வழியை 64க்கு நீட்டி 2003ல மொதல்ல சிப் விட்டது ஏஎம்டி, இன்டெல்லும் பின்னாடி அதே வழிக்கு வந்துடுச்சு, ஆனா பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சுன்னு. இந்த ஒரு பேரால எத்தனை பேர் தப்பு ஃபைல் எடுத்தாங்களோ, வெச்சவங்களை சொல்லணும்.

ரெண்டாவது வாரம் சரியான ஃபைல். டெப் ஃபைலை மெஷின்ல ஏத்துற கமாண்டான டிபிகேஜி மைனஸ் ஐ போட்டேன், 'டிபென்டன்ஸி ப்ராப்ளம்ஸ் ப்ரிவென்ட் கான்ஃபிகரேஷன்', லிப்எம்17என்னு ஒரு துணை பேக்கேஜ் இல்லையாம். மூணாவது வாரம் அதை எடுத்துட்டு வந்தேன், மழை, பஸ்ல பாதி பேர் வாந்தி, ஆபீஸ் வந்து ஈரத் தலையோட போட்டா அதுக்கு லிப்ஓடிஎஃப்னு இன்னொண்ணு வேணுமாம். ஏன்டா இதை போன வாரமே சொல்லியிருக்கலாம்லன்னு லேப்டாப்பை பார்த்து சத்தமாவே கேட்டேன், வெளிய நின்ன மேஸ்திரி என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்தாரு. இதுல ஒரு கூத்து, என்னென்ன ஏற்கனவே மெஷின்ல இருக்குன்னு லிஸ்ட் எடுத்து பார்த்தப்போ லிப்தாய்னு ஒண்ணு கண்ணுல பட்டுது. ஆஹா, தாய்மொழிக்கு தான் போலன்னு சந்தோஷப்பட்டேன். அது தாய்லாந்து தாய்ங்க. ஸ்கிரீன்ல எழுத்தை அடுக்குற பாங்கோங்கிற லைப்ரரிக்கு அது வேணும், அதனால நீங்க தாய் மொழியில ஒரு எழுத்து படிக்கலைன்னாலும் அது உங்க மெஷின்ல உக்காந்திருக்கும்.

நாலாவது வாரம் புதுசா வந்த சூப்பர்வைசர் பையன் என் பொலம்பலை கேட்டுட்டு, "ஏண்ணா, போன்ல நெட் வருதுல்ல?"ன்னான்.

"ஜன்னல்கிட்ட வெச்சா வரும். அதுல என்ன பண்ண?"

"யுஎஸ்பி டெதரிங் போடுங்கண்ணா."

ஜன்னல் திட்டுல போனை வெச்சு கேபிளை இழுத்து லேப்டாப்ல குத்தினான், எந்த டிரைவரும் கேக்கல, நெட் வந்துடுச்சு. சூடோ ஆப்ட் அப்டேட், அதாவது என்னென்ன பேக்கேஜ் கிடைக்கும்ங்கிற லிஸ்டை புதுசாக்குற கமாண்ட், அது அந்த ஒத்தைக் கோடு சிக்னல்ல முக்கால் மணி நேரம் ஓடுச்சு, நாங்க டீ குடிச்சுட்டு வந்தோம். அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என். நான் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொண்ணா மலை ஏத்தினதை எல்லாம் அதுவே வரிசையா பேர் சொல்லி, போடட்டுமான்னு ஒரு கேள்வி கேட்டு, போட்டு முடிச்சுடுச்சு. லாக் அவுட் பண்ணி உள்ள வந்து செட்டிங்ஸ்ல தமிழ்99 சேர்த்தா அ வந்துச்சு. ஒரு மாசம்ங்க.

இதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டதை என் மாமா வீட்டு வேலையை வெச்சு சொல்றேன், சேலத்துக்காரங்களுக்கு டக்குன்னு புரியும். அவங்க வீட்ல வெள்ளிக் கொலுசு வேலை. ஒரு கொலுசை ஒரே வீட்ல முழுசா பண்றதில்ல, கம்பி இழுக்குறது ஒரு இடம், சலங்கை ஒரு இடம், பத்த வைக்கிறது ஒரு இடம், மெருகு போடறது இன்னொரு இடம். லினக்ஸ்லயும் அப்படித்தான், எழுத்து காட்டுறது, சவுண்டு, நெட் பாதுகாப்பு எல்லாத்தையும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனித்தனியா செஞ்சு வெச்சுக்காம பொதுவா ஒரு லைப்ரரியை எல்லாரும் எடுத்துக்குவாங்க. இடம் மிச்சம், ஓட்டை இருந்தா ஒரே இடத்துல அடைச்சா போதும். ஆனா சலங்கை போடறவர் அளவை மாத்திட்டா பழைய அளவுக்கு கொக்கி அடிச்சவர் பாடு திண்டாட்டம், அது தான் டிபென்டன்ஸி எரர். டிபிகேஜிங்கிறது கையில குடுத்த உருப்படியை மட்டும் மாட்டிப் பார்க்கும், இல்லாததை சொல்லிட்டு போயிடும். ஆப்ட் தான் நாலு வீடு ஏறி இறங்கி எல்லாத்தையும் வாங்கிட்டு வர்ற ஆளு. அதனால நீங்க டெப் ஃபைல் எடுத்தே ஆகணும்னா அந்த ஃபோல்டர்ல இருந்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு ஃபைல் பேருக்கு முன்னாடி டாட் ஸ்லாஷ் சேர்த்து அடிங்க, அப்போ பாக்கியை அதுவே தேடிக்கும். ஏற்கனவே பாதியில மாட்டிக்கிட்டிருந்தா சூடோ ஆப்ட் மைனஸ் மைனஸ் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால். நெட்டே இல்லாத என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஆப்ட்-கெட்ல பிரிண்ட்-யூஆர்ஐஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மெஷின்ல ஒரு தடவை அப்டேட் ஓடியிருந்தா போதும், என்னென்ன ஃபைல் வேணும்னு மொத்த லிங்கையும் ஒரே லிஸ்டா குடுத்துடும். இது மட்டும் மொத வாரமே தெரிஞ்சிருந்தா எனக்கு மூணு வாரம் மிச்சம்.

இப்போ உங்க 'ஹெல்ட் ப்ரோக்கன்' விஷயம். அந்த வார்த்தையே ஏமாத்து வார்த்தை, நீங்க எதையும் புடிச்சு வைக்கல. ஆப்ட்-மார்க் ஷோஹோல்டுன்னு அடிச்சு பாருங்க, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. அதுக்கு உண்மையான அர்த்தம், நீ கேட்டதும் ஏற்கனவே இருக்கிறதும் ஒத்துப்போகல, எனக்கு வழி தெரியலங்கிறது தான். ஏன் ஒத்துப்போகலன்னு அந்த வரிக்கு மேல ரெண்டு மூணு வரியில எழுதியிருக்கும், நம்ம கண்ணு நேரா கடைசி வரிக்கு தான் போகும். மேல எந்த பேக்கேஜ் பேர் இருக்கோ அதுக்கு ஆப்ட் பாலிசி போடுங்க, இப்ப இருக்கிற வெர்ஷன் எது, வரப்போறது எது, எங்கிருந்து வருதுன்னு காட்டும். நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டு தடவை வெளிய இருந்து சேர்த்த ஒரு பிபிஏ, அதாவது உபுண்டுவோட சொந்த கிடங்கு இல்லாம வேற ஆளுங்க வெச்சிருக்கிற பேக்கேஜ் கிடங்கு, அது தான் குற்றவாளியா இருக்கும், அதுவும் வேற உபுண்டு வெர்ஷனுக்கு எழுதின பழைய கட்டுரையை பார்த்து சேர்த்ததா இருக்கும். ஒரு சின்ன புரோகிராமுக்காக பிபிஏ சேர்ப்பீங்க, அது சத்தமில்லாம வேற நாலு லைப்ரரியை புதுசாக்கி வெச்சிருக்கும். பிபிஏ-பர்ஜ் போட்டா அதையும் எடுத்து, பழைய வெர்ஷனுக்கும் இறக்கிடும்.

வெர்ஷன் தான் எல்லாத்துக்கும் அடிப்படை, இதை யாரும் புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல சொல்றதில்ல, எனக்கு இதுல தான் கோபம். 20.04ல ஓடின பழைய சாஃப்ட்வேரை 22.04ல போட்டா லிப்எஸ்எஸ்எல்1.1 இல்லைன்னும், ஏன்னா நெட் பாதுகாப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில உபுண்டு 3வது வெர்ஷனுக்கு போயிடுச்சு. 24.04ல சவுண்டு லைப்ரரியான லிப்அசவுண்ட்2ன்னு கேட்டா 'நோ இன்ஸ்டாலேஷன் கேண்டிடேட்'னும், ஏன்னா அது பேரே லிப்அசவுண்ட்2டி64 ஆயிடுச்சு. 32 பிட்ல நேரத்தை எண்ணுற கணக்கு 2038 ஜனவரியோட நிரம்பிடும், அதுக்கு முன்னாடியே 64 பிட்டுக்கு மாத்துறப்போ ஏகப்பட்ட லைப்ரரிக்கு டி64ன்னு வால் ஒட்டிட்டாங்க. காரணம் நியாயம் தான், ஆனா நேத்து உபுண்டு போட்டவனுக்கு 2038 எப்படிங்க தெரியும்? அதே மாதிரி லிப்சி பத்தாதுன்னு எரர் வந்தா, உதாரணமா 20.04ல இருக்கிறது 2.31, புரோகிராம் 2.34 கேக்குதுன்னா, லிப்சியை மட்டும் புதுசா எடுத்து போடுன்னு யாராவது சொல்லுவாங்க, அதை மட்டும் பண்ணிடாதீங்க, மெஷின்ல உள்ள அத்தனையும் அது மேல தான் நிக்குது. அந்த நேரத்துல ஃபிளாட்பேக் இருக்கான்னு பாருங்க. அது எல்லா உருப்படியையும் கூடவே மூட்டை கட்டிட்டு வரும், டவுன்லோட் பெருசு, ஆனா சண்டை கிடையாது. எங்க மலையில அந்த டவுன்லோட் தான் பிரச்சனை.

அக்கா பையன் கதையையும் சொல்லிடறேன். இன்ஜினியரிங் படிக்கிறான், ப்ராஜெக்டுக்கு புது பைத்தான், புரோகிராம் எழுதுற மொழி, அது வேணும், பழசு எதுக்குன்னு சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3ன்னு அடிச்சிருக்கான். கீழ இதெல்லாம் போயிடும்னு ஒரு பெரிய லிஸ்ட் வந்திருக்கு, படிக்காம ஒய் அடிச்சுட்டான். ரீஸ்டார்ட் பண்ணா கருப்பு ஸ்கிரீன். ராத்திரி பதினொரு மணிக்கு "மாமா, லேப்டாப் செத்துப்போச்சு"ன்னு போன். உபுண்டுவோட பாதி வேலை பைத்தான்ல ஓடுது, அதை புடுங்கினா டெஸ்க்டாப்பும் கூடவே போகும். நல்லவேளை நெட் கனெக்ஷன் மட்டும் தப்பிச்சுது, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி கருப்பு ஸ்கிரீன்லயே லாகின் பண்ண வெச்சு, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்னு போன்லயே எழுத்துக் கூட்டி சொன்னேன், ஒரு மணிக்கு எழுந்துச்சு. அவனை திட்டவும் மனசு வரல, 2021ல லைனஸ் செபாஸ்டியனே, யூடியூப்ல கம்ப்யூட்டர் ரிவ்யூ பண்ற பெரிய ஆளு, பாப் ஓஎஸ்ங்கிற இன்னொரு லினக்ஸ்ல கேம் ஆடறதுக்கான ஸ்டீம் போடப்போய் 'யெஸ், டூ ஆஸ் ஐ சே'ன்னு அடிச்சு கேமரா முன்னாடியே டெஸ்க்டாப்பை காணாம அடிச்சாரு. அக்கா பையனுக்கு தேவைப்பட்டது ரிமூவே இல்ல, ஒரு வென்வ், அதாவது சிஸ்டத்தோட பைத்தானை தொடாம ப்ராஜெக்டுக்குன்னு தனி இடம். 2023ல இருந்து வந்த டெபியன் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்), உபுண்டுல பைத்தான் பேக்கேஜ் போடற பிப் இன்ஸ்டால்னு நேரா அடிச்சா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்'னு தடுக்குதே, அது இந்த மாதிரி பசங்க சிஸ்டம் பைத்தான்ல கைய வைக்காம இருக்க தான். பைத்தான்3-வென்வ் போட்டு தனி ஃபோல்டர்ல வெச்சுக்கோங்க.

அப்புறம் 'குட் நாட் கெட் லாக்'னு வந்தா பதறி லாக் ஃபைலை அழிக்காதீங்க, பின்னாடி தானா அப்டேட் ஓடிட்டிருக்கும், ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வாங்க, முடிஞ்சிருக்கும்.

விண்டோஸுக்கு திரும்பலாமா? கணக்கு எழுதுற டேலி இல்லாம உங்க பொழப்பு ஓடாதுன்னா ஒரு பக்கம் விண்டோஸ் இருக்கட்டும், அதுல வெக்கமே இல்ல, எங்க ஆபீஸ்லயும் ஆடிட்டருக்காக ஒரு மெஷின் அப்படித்தான் இருக்கு. மத்தபடி இந்த ஒரு எரருக்காக வேணாம். எல்எஸ்பி அண்டர்ஸ்கோர் ரிலீஸ் மைனஸ் ஏ அடிச்சு உங்க வெர்ஷனை பாருங்க, கூடவே அந்த எரரை கடைசி வரி மட்டும் இல்லாம முழுசா கீழ போடுங்க. ராத்திரி ஒம்பதுக்கு மேல பார்த்து சொல்றேன், போன் இன்னும் அந்த ஜன்னல் திட்டுல தான் இருக்கு, மழை பெஞ்சா சிக்னல் போயிடும், அப்போ மறுநாள் தான்.